துப்பாக்கியா, பூட்ஸா? மொன்டானா மலையில் முதல் குளிர்கால வேட்டைக்குப் பணத்தை எதில் போடுவது

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ரைஃபிள் வேட்டைக்கான பொதுப் பருவம் அக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி, நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலல் நாளை ஒட்டிய ஞாயிறு வரை, ஏறத்தாழ ஐந்து வாரம் நீடிக்கிறது. முதல் வாரத்தில் மெல்லிய சட்டையோடு ஏறக்கூடிய அதே சரிவில், கடைசி வாரத்தில் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர் இறங்குவதும் உண்டு. புதிதாகப் போகிறவர்கள் எந்தத் தோட்டா என்பதையே மாதக்கணக்கில் அலசுகிறார்கள். அவர்களைப் பாதி நாளில் வண்டிக்குத் திரும்பவைப்பதோ வியர்த்த முதுகும் நனைந்த காலுறையும்தான்.

ஆகவே தோட்டாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1906-இல் வந்த .30-06 கனமான குண்டைச் செலுத்துவதால், 300 கிலோ எடையுள்ள எல்க் என்னும் பெருமானின் கடாவுக்கும் தாராளமாகப் போதும். ஆனால் அது தோளில் தரும் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் புதியவரிடம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். 2007-இல் வந்த 6.5 கிரீட்மோரின் உதை மென்மையானது என்பதால் சலிக்காமல் பயிற்சி செய்யலாம், எல்க்கைச் சுடுவதானால் மட்டும் தொலைவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எல்க் அல்லாத சிறிய மான் மட்டுமே இலக்கு என்றால் பின்னதே என் தேர்வு. வீட்டில் இவற்றில் ஏதேனும் ஒன்று ஏற்கெனவே இருந்தால், புதிதாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை.

உடையில்தான் நிதானம் தேவை. விடியுமுன் ஒரு மணி நேரம் செங்குத்தாக ஏறி வியர்த்துவிட்டு, பிறகு இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பதே இந்த வேட்டையின் இயல்பு. வியர்வையைக் குடித்துவிட்டு உலர மறுக்கும் பருத்தியை, உள்ளாடை உட்பட, வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றுள் பாலியெஸ்டர் விலை மலிவு, சீக்கிரம் காயும், ஆனால் இரண்டாம் நாளே நாறத் தொடங்கும். மெரினோ என்னும் செம்மறியின் மெல்லிய கம்பளி மெதுவாகத்தான் காயும், என்றாலும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தோலுக்குச் சில்லிடாது; நான்கு நாள் முகாமுக்கு அதற்கே கூடுதல் விலை தரலாம். மேலே போடும் ஜாக்கெட்டில் தீர்ப்பு தலைகீழாகிறது. வாத்துத்தூவி அடைத்தது எடையிலும் சுருக்கத்திலும் வெல்லும், ஆனால் ஈரப்பனியில் நனைந்தால் தூவி கட்டிகட்டியாகத் திரண்டு சூடு போய்விடும். செயற்கை இழை சற்றுப் பருமன் என்றாலும் நனைந்த பின்னும் ஓரளவு காக்கும் என்பதால், முதல் ஜாக்கெட்டாக அதையே சொல்வேன். எதை வாங்கினாலும் ஏறும்போது அது பைக்குள்தான் இருக்க வேண்டும். இடுப்புக்கு மேல் குறைந்தது 400 சதுர அங்குல ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்பது மாநிலச் சட்டம். எனவே ஆரஞ்சு மேலங்கியை அந்த ஜாக்கெட்டுக்கு மேலேயே போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

பூட்ஸில் இரண்டு கட்சி உண்டு. அடியில் ரப்பரும் மேலே தோலும் உள்ளே கழற்றக்கூடிய கம்பளி உள்ளுறையும் கொண்ட பாக் பூட்ஸ், உட்கார்ந்திருக்கும் காலைச் சூடாக வைக்கும். இரவில் உள்ளுறையை உருவி அடுப்பருகே தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். ஆனால் கணுக்கால் தளர்வாக ஆடுவதால் பாறைச் சரிவில் அதோடு நடப்பது வேதனை. வெப்பக்காப்பு வைத்துத் தைத்த தோல் பூட்ஸ் நடைக்குப் பிடிப்பாக இருந்தாலும், ஒருமுறை உள்ளே நனைந்தால் மறுநாளும் ஈரம்தான். நடை அதிகமெனில் தோல், பனி முழங்கால் அளவெனில் பாக். எதுவானாலும் தடித்த காலுறையோடு விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துப்போகும்.

பைனாகுலரில் முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் மில்லிமீட்டர் விட்டம். 10×42 தொலைவை நெருக்கிக் காட்டும்; நடுங்கும் கையில் அந்த நடுக்கத்தையும் பத்து மடங்காக்கும். 8×42 அந்தி வெளிச்சத்திலும் தெளிவு, விலையும் பெரும்பாலும் குறைவு.

துப்பாக்கியின் பராமரிப்புக்கு வந்தால், தடித்த எண்ணெய் கடுங்குளிரில் பிசினாகி, சுடும் ஊசியின் வேகத்தைக் குறைக்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டை நன்றாகத் துடைத்து, குளிரைத் தாங்கும் மெல்லிய எண்ணெயை மிகக் கொஞ்சமாகவோ, கிராஃபைட் போன்ற உலர்பொடியையோ இட வேண்டும். தோட்டாவை அகற்றிய ரைஃபிளை இரவில் கூடாரத்தின் சூட்டுக்குள் கொண்டுவராமல், பூட்டிய வண்டியிலேயே குளிரில் விடலாம். உள்ளே வந்தால் உலோகத்திலும் குறிபார்க்கும் ஸ்கோப்பின் கண்ணாடியிலும் படியும் நீர்த்துளிகள், விடியலில் வெளியே எடுத்ததும் பனிக்கட்டியாக உறைந்துவிடும்.