ஆண்டர்சன் தெருவுல பத்திரிகை அடிச்ச அனுபவம், கூடவே அந்த வார்த்தைய பத்தியும் கொஞ்சம்

தங்கச்சி கல்யாணத்துக்கு பத்திரிகை அடிக்க பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்கு மொத்தம் நாலு தடவ போயிட்டு வந்தேன், இப்ப கல்யாணமும் நல்லபடியா முடிஞ்சிடுச்சு, அடுத்து போறவங்களுக்கு உதவும்னு எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

முதல்ல நாங்க அங்க போகவே இல்ல. எங்க ஏரியாவுலயே ஒரு பிரஸ்ல குடுத்தோம், பக்கத்துல இருக்கே, எதுக்கு அவ்ளோ தூரம் அலையணும்னு. மேட்டர வாட்ஸ்அப்ல அனுப்புங்கன்னாங்க, அழகா டைப் பண்ணி அனுப்பினேன். அவங்க சிஸ்டத்துல இருக்கறது பழைய ஃபான்ட், நாம அனுப்பற தமிழ் அதுல கட்டம் கட்டமா வரும், அதனால மறுபடியும் அவங்களே உக்காந்து டைப் பண்றாங்க, தப்பு வர்றது அங்கதான். "விசுவாவசு வருடம்" எங்களுக்கு "விசுவாசு வருடம்"னு வந்துச்சு, தாய்மாமா இனிஷியல் மாறிப்போச்சு. ப்ரூஃப்ல திருத்தி அனுப்பினா ஒண்ண சரி பண்ணி இன்னொண்ண விட்டுட்டாங்க. அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. தாய்மாமா பேர் தப்பா வந்த பத்திரிகைய எந்த முகத்தோட கொண்டுபோய் மாமா வீட்டுல வெக்கறதுன்னு அழுதுட்டாங்க. அட்வான்ஸ் போனா போகுதுன்னு விட்டுட்டு ஆண்டர்சன் தெருவுக்கு கிளம்பினோம்.

போற வழி சுலபம்தான். ஹைகோர்ட் மெட்ரோவுல இறங்கி என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல நடந்தா யார கேட்டாலும் காட்டுவாங்க. கார் எடுத்துட்டு போகாதீங்க, நிறுத்த இடமே கிடையாது, பேப்பர் பண்டல் ஏத்தின வண்டிங்க போயிட்டே இருக்கும், நடக்கறதே கஷ்டம். நான் முதல் தடவ ஞாயித்துக்கிழமை போயிட்டேன், பாதி கடைக்கு மேல மூடியிருந்துச்சு. வார நாள்ல காலைல 11 மணிக்குள்ள போயிட்டா நிதானமா பாக்கலாம்.

நாலஞ்சு கடை ஏறி இறங்கினோம். எல்லா கடையிலயும் மொதல்ல காட்டறது ஃபேன்ஸி கார்டுதான், லேசர் கட், தங்க ஃபாயில், திறந்தா பாப்-அப்னு. எங்க ஆயாவையும் கூட கூட்டிட்டு போயிருந்தோம், ஆயா எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு "இதெல்லாம் நல்லாத்தான் இருக்குது, பத்திரிகை எங்க?"ன்னு கேட்டுச்சு. கடைசியா போன மாடிக்கடையில வயசான ஒருத்தர் அத கேட்டுட்டு எந்திரிச்சு உள்ள போயி வேற ஒரு ஆல்பம் எடுத்துட்டு வந்தாரு. நாலு ஓரத்துலயும் மஞ்சள் கலர் அடிச்சது, மேல பிள்ளையார் சுழி, நீளமா மடிக்கற மாதிரி. ஆயா முகத்த பாக்கணுமே.

எனக்கு இந்த வார்த்தை மேல ஆசை வந்ததே அங்கதான். பத்திரிகைன்னா நியூஸ்பேப்பர், வாரப்பத்திரிகை, அப்டித்தான் நாம ஸ்கூல்ல படிச்சோம். ஆனா யோசிச்சு பாருங்க, காலைல வாசல்ல விழறத நாம பத்திரிகைன்னா சொல்றோம்? "பேப்பர் வந்துச்சா"ன்னுதான் கேக்கறோம், இல்லன்னா "தந்தி எங்க"ன்னு ஒரு பேப்பரோட பேரயே பொதுப்பேரா ஆக்கிட்டோம். வார இதழ "இந்த வாரம் புக் வாங்கிட்டியா"ன்னு புக்காக்கிட்டோம். பத்திரிகையாளர்கூட வாய்ப்பேச்சுல பிரஸ்காரர் ஆயிட்டாரு. ஆனா கல்யாண வீட்டுல மட்டும் அது அசையவே இல்ல. "பத்திரிகை வெக்க வந்தோம்", "எங்களுக்கு பத்திரிகை வரல", "பத்திரிகைல பேர் போடல", இதுல ஒண்ணையும் வேற வார்த்தை போட்டு சொல்லிப் பாருங்க, வலுவே இருக்காது. அச்சுல தலைப்பு என்னவோ "திருமண அழைப்பிதழ்"னுதான் இருக்கு, ஆனா யாராவது உங்க வீட்டு வாசல்ல நின்னு "அழைப்பிதழ் குடுக்க வந்தோம்"னு சொல்லியிருக்காங்களா?

பத்திரம்னா வடமொழியில இலை. வில்வ பத்திரம்னு கோயில்ல சொல்றது அதான், ஓலையில எழுதினது பத்திரம், வீட்டுப் பத்திரம் நிலப் பத்திரம்லாம் அந்த வழிதான், அதுலேர்ந்து பத்திரிகை. ("பத்திரமா போயிட்டு வா"ங்கற பத்திரம் வேற, அது நலம்னு அர்த்தம் வர்ற இன்னொரு சொல்.) தமிழ்ல நாம வெச்ச பேரும் அதே மாதிரிதான், ஏடுன்னா பனை ஓலை, அதுலேர்ந்து நாளேடு, இதழ்னா பூவிதழ், அதுலேர்ந்து நாளிதழ், அழைப்பிதழ். செய்தி தாங்கி வர்றதுக்கெல்லாம் இலையும் பூவுமா பேர் வெச்சிருக்காங்க, எனக்கு இது தெரிஞ்சப்போ உடம்பே சிலிர்த்துச்சு.

ஆயாவோட அப்பா சுதேசமித்திரன் வாங்கினவராம். 1882ல வாரப்பத்திரிகையா ஆரம்பிச்சு 1899ல தினசரி ஆன அதே சுதேசமித்திரன்தான். ஆயாவுக்கு அதுவும் பத்திரிகை, கல்யாணத்துக்கு வெக்கறதும் பத்திரிகை, ரெண்டும் சேதி சொல்ற காயிதம், வித்தியாசமே தெரியல அதுக்கு. நிச்சயத்தன்னிக்கு சபையில லக்னப் பத்திரிகை வாசிக்கறோமே, அதுவும் ஊருக்கு சேதி சொல்றதுதானே.

ஒரே ஒரு இடத்துல மட்டும் இந்த வார்த்தை தலைகீழா நிக்குது. ஆயா "மஞ்ச பத்திரிகை காட்டுங்க"ன்னு கேட்டப்போ கவுண்டர்ல இருந்த சின்னப் பையன் ஒரு மாதிரி முழிச்சான். அவனுக்கு மஞ்சள் பத்திரிகைன்னா கண்டத எழுதி மானத்த வாங்கற பத்திரிகை. அந்த பேரு 1890கள்ல நியூயார்க்ல ரெண்டு பேப்பர்காரங்க, புலிட்சரும் ஹர்ஸ்டும், போட்டி போட்டு பரபரப்பா எழுதினப்போ வந்தது, மஞ்சள் சட்டை போட்ட ஒரு கார்ட்டூன் பையன வெச்சு. நம்ம ஊர்லயும் அந்த மாதிரி பத்திரிகை நடத்தின லட்சுமிகாந்தன் 1944ல கொலையாகி, அந்த வழக்குல சினிமா நடிகர்கள் பாகவதரும் என்.எஸ்.கே.வும் ஜெயிலுக்கு போய், 1947லதான் விடுதலை ஆனாங்க. அந்த மஞ்சள் வேற, ஆயாவோட மஞ்சள் வேற. ஆயா கேட்டது மங்களம். அந்தப் பெரியவர்தான் பையன்கிட்ட பொறுமையா எடுத்து சொன்னாரு, "தம்பி, அம்மா கேக்கறது நாலு மூலைக்கும் மஞ்சள் வெச்ச பத்திரிகை."

அவர் கேட்ட முதல் கேள்விய நான் மறக்கவே மாட்டேன். "வீட்டுல மஞ்சள் குங்குமம் வெச்சுதானே குடுப்பீங்க?" ஆமான்னோம். "அப்போ லேமினேஷன் வேணாம், மஞ்சள் பிடிக்காது, வழிஞ்சிடும்"னு சொல்லி, ஒரு லேமினேட் கார்டையும் சாதா ஆர்ட் போர்டையும் பக்கத்துல வெச்சு, தண்ணி தொட்ட விரலால ரெண்டு மேலயும் தடவி காட்டினாரு. ஒண்ணுல முத்து முத்தா நின்னுச்சு, ஒண்ணுல இழுத்துக்கிச்சு. வேற எந்த கடையிலயும் இத கேக்கல. அவங்களுக்கு அது கார்டு, இவருக்கு அது பத்திரிகை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்து ப்ரூஃப். டிடிபி பண்ற அக்கா பக்கத்துலயே எங்கள உக்கார வெச்சாங்க. பிரிண்ட் எடுத்து, பெரியவர் ஒரு ஸ்கேல வரிக்கு அடியில வெச்சு நகத்தி நகத்தி சத்தமா படிச்சாரு, மேலேர்ந்து ஒரு தடவ, அப்புறம் கீழேர்ந்து மேல ஒரு தடவ. கீழேர்ந்து படிச்சா அர்த்தம் ஓடாதாம், எழுத்து மட்டும்தான் கண்ணுக்கு தெரியுமாம். அப்டி படிக்கறப்பதான் மண்டபம் இருக்கற தெருப் பேர்ல ஒரு புள்ளி விட்டுப்போனது கிடைச்சுது. விசுவாவசு சரியா இருக்கான்னு நான் மூணு தடவ பாத்தேன், இருந்துச்சு. மாமா இனிஷியல ஆயாவே கண்ணாடி போட்டுக்கிட்டு பாத்துச்சு.

மடிக்கற இடத்துல முதல்ல மெஷின்ல கோடு அழுத்தி, அதாவது கிரீஸிங் போட்டு, அப்புறம்தான் மடிச்சாங்க, அதனால கெட்டி பேப்பர்ல கூட மடிப்புல மை வெடிக்கல. இத கண்டிப்பா கேட்டு வாங்குங்க, முந்தின பிரஸ் சாம்பிள்ல மடிப்பு வெள்ளையா உரிஞ்சு இருந்துச்சு. நிக்காஹ், சர்ச் கல்யாணம், சுயமரியாதைத் திருமணம் எல்லாத்துக்கும் தனித்தனி மேட்டர் ஃபைல் வெச்சிருக்காங்க, எழுதத் தெரியலன்னாலும் கவலையில்ல.

குறைன்னு பாத்தா, விலை விஷயம். கார்டுக்கு 22 ரூபான்னு பேசி, அச்சுக் கூலி தனி, கவர்ல பேர் அடிக்க தனி, ஜிஎஸ்டி தனின்னு போயி எங்களுக்கு 31 ரூபா விழுந்துச்சு, 500 அடிச்சோம். ஏமாத்தல, ஆனா எல்லாம் சேத்து எவ்ளோன்னு மொதல்லயே எழுதி வாங்கிக்கோங்க. 6 நாள்னாங்க, 9 நாள் ஆச்சு. மாடிப்படி ரொம்ப செங்குத்து, ஆயாவ ரெண்டு பேர் பிடிச்சு ஏத்தினோம், வயசானவங்கள கூட்டிட்டு போறதா இருந்தா கீழ இருக்கற கடையா பாருங்க. இதெல்லாம் கழிச்சாலும் அஞ்சுக்கு நாலரை தாராளமா குடுப்பேன்.

முதல் பத்திரிகைய குலதெய்வத்துக்கு வெச்சோம், ரெண்டாவது மாமா வீட்டுக்கு. தட்டுல வெத்தல பாக்கு பழத்தோட நீட்டினதும் மாமா பிரிச்சு நேரா அவர் பேர் இருக்கற வரிக்குதான் போனாரு, படிச்சுட்டு அத்தைகிட்ட குடுத்தாரு, அத்தையும் அந்த வரியத்தான் படிச்சாங்க. அம்மா என்ன திரும்பிப் பாத்தாங்க.

இன்னொண்ணு சொல்ல விட்டுட்டேன், 50 பத்திரிகை கூடவே அடிச்சுக்கோங்க, கடைசி நேரத்துல தனியா அடிச்சா விலை ரெட்டிப்பு. கவர் பளபளன்னு இருந்தா பால்பாயின்ட் பேனா எழுதாது, அதே தெருவுல மார்க்கர் கிடைக்கும், வர்றப்பவே வாங்கிட்டு வந்துடுங்க.