வெதர் ஸ்டேஷன் அமைத்துத் தருகிறேன் என்று வருபவர்களிடம் கவனம்

மொரீஷியஸில் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தனவே, அதற்குப் பிறகு மாடியில் சொந்தமாக ஒரு வைஃபை வெதர் ஸ்டேஷன் வைக்கும் ஆசை பலருக்கும் வந்துவிட்டது. எனக்கும்தான். காத்ர் போர்ன் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். இது இருந்தால் புயல் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும் என்று கடைக்காரர் அளந்தார். அது சும்மா. நம் மாடியில் இப்போது என்ன காற்று, என்ன மழை, என்ன அழுத்தம் என்பதைத்தான் அது காட்டும். புயல் எச்சரிக்கைக்கு வாக்குவா வானிலை மையம் சொல்வதுதான் கணக்கு.

கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைத்துத் தருவதற்கென்று தனியாக 2,500 ரூபாய் வாங்கினார்களே, கோளாறு அங்கேதான்.

வந்த பையன் காற்றுமானியையும் மழைமானியையும் ஒழுங்காகத்தான் கம்பத்தில் ஏற்றினான். அப்புறம் தன் செல்போனில் கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறக்கப் பார்த்தான். பக்கம் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உடனே தீர்ப்பு சொல்லிவிட்டான்: ரவுட்டர் பழசு, மாற்றியே ஆக வேண்டும், புதுசு கடையிலேயே இருக்கிறது, 4,800 ரூபாய்.

அந்தக் கட்டத்தில் ரவுட்டருக்கு வேலையே கிடையாது. கருவி தானே ஒரு வைஃபை விடும், போன் அதோடு நேராகப் பேசும், அவ்வளவுதான். அவன் ரவுட்டர் எடுக்கப் போன நேரத்தில் என் மனைவி சிம் இல்லாத டேப்லெட்டை எடுத்துப் பார்த்தாள். "இதுல திறக்குதே, பாருங்க!" என்றாள்.

காரணம் இதுதான். கருவியின் வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. அதைக் கண்டதும் போன் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். ஏர்பிளேன் மோட் போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்தால் சரியாகிவிடும். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். என் லேப்டாப்பில் வேறு தொல்லை. கருவியின் அமைப்புப் பக்கத்து முகவரியான 192.168.4.1 என்று அடித்தால் பிரவுசர் தானாகவே முன்னால் எச்டிடிபிஎஸ் (https://, பூட்டுப் போட்ட இணைப்பு) சேர்த்துக்கொண்டது. கருவிக்குப் பூட்டில்லாத வெறும் எச்டிடிபி (http://) மட்டும்தான் தெரியும். அதனால் முகவரியை எச்டிடிபியில் தொடங்கி முழுசாக அடிக்க வேண்டும். பழைய பக்கமே திரும்பத் திரும்ப வந்தால் பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள்.

அந்தப் பக்கத்தில் வீட்டு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்துச் சேமித்ததும் பக்கம் செத்துப்போகும். பயப்பட வேண்டாம், கருவி தன் வைஃபையை அணைத்துவிட்டு வீட்டு வைஃபைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ரவுட்டர் விஷயம் இங்கேதான் வருகிறது: இந்த மாதிரிக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் ஒத்துவரும். ரவுட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்து தகராறு செய்தால், ரவுட்டர் செட்டிங்கில் தனித்தனிப் பெயர் கொடுங்கள். புது ரவுட்டர் தேவையில்லை.

பையன் ரவுட்டரோடு திரும்பி வந்தான், வேண்டாம் என்றேன். முகம் சுண்டிப்போனது. ஆனால் போகும் முன், சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி, கருவியைத் தன் மின்னஞ்சல் கணக்கில் பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறான். என் வீடு இருக்கும் இடம் உட்பட எல்லாம் அவன் கணக்கில். ரீசெட் செய்தும் விடவில்லை; பழைய கணக்கிலிருந்து நீக்கினால்தான் புதியதில் சேர்க்க முடியும் என்றது கருவியைப் பதிவு செய்யும் இணையதளம். கடைக்குப் போன் செய்தால், வருடப் பராமரிப்புக் கட்டணம் கட்டினால் மாற்றித் தருவார்களாம்! எவ்வளவு தைரியம் பாருங்கள். கருவியின் அடியில் ஒட்டியிருந்த மேக் எண்ணையும் (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) பில் படத்தையும் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பினேன், அவர்கள் விடுவித்துக் கொடுத்தார்கள்.

அதனால் யார் அமைத்துத் தந்தாலும், கணக்கு உங்கள் மின்னஞ்சலில் திறக்கப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வைஃபை பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். அமைப்புக் கட்டணத்துக்குத் தனி பில் கேளுங்கள். எனக்கு அது தரவில்லை. 2,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டபோது, அப்படி ஒரு பணம் வாங்கவே இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள்.