ஆங்கிள் பிக்கா, டபுள் லெக்கா, சிங்கிள் லெக்கா: தவறவிட்டால் எது மலிவு?

மல்யுத்தத்திலும், பிடித்து வீழ்த்திப் பூட்டுப் போடும் ஜியு-ஜிட்சுவிலும் நின்றபடி ஆடும்போது என் முதல் தாக்குதல் ஆங்கிள் பிக். ஒரு கையால் எதிராளியின் பிடரியைப் பிடித்துக் கீழே இழுத்து, மறு கையால் அவர் குதிகாலை வாரிச் சாய்ப்பது. இரண்டு கால்களையும் பிடித்து வீழ்த்தும் டபுள் லெக், ஒரு காலை மட்டும் பிடிக்கும் சிங்கிள் லெக் இரண்டையும் நன்றாகப் பழகிய பிறகுதான் இதற்கு வந்து சேர்ந்தேன். அதனால் இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏன் இந்தப் பக்கம் சாய்ந்தேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்றையும் எடைபோட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது உதவும்.

முதலில் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

டபுள் லெக்கின் பலத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்காது. உடலைத் தாழ்த்தி, ஒரு முட்டியை எதிராளியின் கால்களுக்கு நடுவே இறக்கிப் பாய்ந்து, இரண்டு தொடைகளையும் பின்னாலிருந்து அணைத்து, தோளால் இடித்துத் தள்ள வேண்டும். சரியான நேரத்தில் போனால் தடுப்பதற்கு ஒன்றுமே இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 74 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஜோர்டன் பரோஸ் எந்த நேரமும் டபுள் லெக்கோடு பாய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாமல் விழுந்தார்கள். ஆனால் அந்த முதல் எட்டின் வேகம் எல்லோருக்கும் வாய்க்காது. ஒவ்வொரு பயிற்சியிலும் அந்த முட்டி மேட்டில் (தரை விரிப்பில்) இடிபடுகிற கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிங்கிள் லெக் இன்னும் பல்துறைப் பிடி. காலைக் கையில் எடுத்துவிட்டால் முடிப்பதற்கு நிறைய வழிகள் உண்டு. தூக்கி நடக்கலாம், மறு காலைத் தட்டலாம், சுற்றிக் கீழே அமுக்கலாம், டபுள் லெக்காகவே மாற்றலாம். எந்த உடல்வாகுக்கும் ஒத்துவரும். அதன் தலைவலி, பிடித்த பிறகுதான் தொடங்குகிறது. நல்ல எதிராளி ஒற்றைக் காலில் குதித்துக் குதித்தே ஒரு நிமிடம் ஓட்டிவிடுவார். உங்கள் தோளுக்கு மேலாகக் கையைச் செருகி அமுக்குவார், தலையை வெளியே தள்ளுவார். ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நீங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

சரி, இப்போது என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பிடி அதிகம் பலிக்கிறது என்று கேட்பதைவிட, பலிக்காதபோது நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்பது எனக்கு அதிகம் பயன்பட்டது. சம பலமுள்ள இருவர் மோதினால், போடுகிற தாக்குதல்களில் பெரும்பாலானவை தவறத்தான் செய்யும். தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

டபுள் லெக் தவறினால் நிலைமை எப்படி இருக்கும்? எதிராளி கால்களைப் பின்னால் எறிந்து ஸ்ப்ரால் செய்துவிட்டார். அவருடைய இடுப்பின் மொத்தப் பாரமும் உங்கள் கழுத்து, தோள்மேல். உங்கள் முட்டிகள் தரையில், கைகள் முன்னால் நீண்டு காலியாக. அங்கிருந்து மல்யுத்தத்தில் அவர் சுற்றிப் பின்பக்கம் வந்தாலே புள்ளி அவருக்கு. ஜியு-ஜிட்சுவில் கழுத்து ஏற்கனவே அவர் அக்குளுக்குக் கீழே இருக்கிறது, கையால் கழுத்தை முன்னாலிருந்து நெரிக்கும் கில்லட்டினுக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. அந்தப் பாரத்துக்கு அடியிலிருந்து வெளியே வந்து மறுபடி நிற்பதற்குச் செலவாகும் தெம்பு, பாய்வதற்குச் செலவானதைவிட அதிகம். சிங்கிள் லெக்கில் இழப்பு இன்னும் மெதுவாக நடக்கும். ஆனால் தலை வெளிப்பக்கம் நழுவினால் அதே கில்லட்டின்தான், உள்ளே இருந்தாலும் கையைப் பூட்ட இடம் கிடைக்கும்.

ஆங்கிள் பிக் தவறினால்? எதிராளி காலைப் பின்னுக்கு எடுத்துவிடுகிறார், அவ்வளவுதான். உங்கள் ஒரு கை இன்னும் அவர் பிடரியில் இருக்கிறது. அவர் தலை குனிந்திருக்கிறது. நீங்கள் அவருக்கு அடியில் மாட்டவில்லை, எதிரே இருக்கிறீர்கள். எழுந்தால் முன்பிருந்த அதே நிலை. பெரும்பாலும் அதைவிட நல்ல நிலை, ஏனென்றால் கால் பின்னால் போனதும் தலை முன்னால் வந்திருக்கும். அந்தத் தலையை அப்படியே கீழே இழுத்தால் ஸ்னாப் டவுன். இல்லையென்றால், பின்னால் போன கால் விட்டுச் சென்ற இடத்தில் இப்போது மறு கால் முன்னால் நிற்கிறது, அதை வாரலாம். இவ்வளவு குறைந்த செலவில் அடுத்த முயற்சிக்குப் போக முடிவதால் ஒரே சுற்றில் பல தடவை துணிந்து போடுகிறேன். டபுள் லெக்கில் ஒரு முறை ஸ்ப்ராலுக்கு அடியில் நசுங்கியவர் இரண்டாவது தடவை பாய யோசிப்பார். அந்தத் தயக்கத்தையும் விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஆனால் இந்த மலிவு இலவசமாகக் கிடைப்பதில்லை. செய்முறை சரியாக இருந்தால்தான் கிடைக்கும். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் வலது கை எதிராளியின் பிடரியில், முழங்கை அவர் மார்போடு ஒட்டிக் கீழ்நோக்கி. குறி, அவருடைய வலது கால். அது எனக்கு இடப்பக்கம் இருக்கும். பலரும் நேராகக் காலுக்குக் குனிகிறார்கள். அது பலிக்காது, பாரம் இல்லாத காலை அவர் சும்மா தூக்கிக்கொண்டு போய்விடுவார். முதலில் அந்தக் காலை மேட்டில் ஆணியடித்தது மாதிரி நிறுத்த வேண்டும். அதற்குத்தான் தலை. அவர் தலையை அந்த வலது முட்டிக்கு நேர் மேலே கொண்டுவந்தால் உடல் பாரம் முழுக்க அந்தப் பாதத்தில் இறங்கும். கொண்டுவர இரண்டு வழிகளை நான் நம்புகிறேன். ஒன்று, முன்னால் தள்ளுவது. தள்ளினால் அவர் எதிர்த்துத் தள்ளுவார், தள்ளும்போது ஒரு கால் முன்னால் வரும், வந்து ஊன்றும் அந்த நொடியில் இழுப்பது. இன்னொன்று, வட்டமாக நடப்பது. நான் நகர நகர அவரும் திரும்பியாக வேண்டும், திரும்பக் கால் வைத்தாக வேண்டும்.

கால் கனத்தது பிடரியில் இருக்கும் கைக்கே தெரியும். அதுவரை அந்தக் கை இழுத்த பக்கம் வந்துகொண்டிருந்த தலை, சட்டென்று எதிர்க்க ஆரம்பிக்கும். அப்போது இறங்குகிறேன். இடுப்பை மடித்துக் குனிவதில்லை, முட்டிகளை மடித்து முதுகு நிமிர்ந்தபடி, ஒரு முட்டி அவர் பாதத்துக்குப் பக்கத்தில் மேட்டைத் தொடும்படி இறங்குகிறேன். இடது உள்ளங்கை மேட்டை உரசிக்கொண்டு போய்க் குதிகாலின் பின்புறத்தைக் கிண்ணம் போல ஏந்த வேண்டும். கட்டைவிரலும் மற்ற விரல்களோடு ஒட்டியே இருக்கட்டும். கணுக்காலுக்கு மேலே கெண்டைக்காலைப் பிடித்தால் கை நழுவும். குதிகாலுக்குப் பின்னால் உள்ளங்கை இருந்தாலோ, அவர் காலைப் பின்னுக்கு இழுக்கும்போது அது கைக்குள்ளேயே வந்து முட்டும்.

அப்புறம் முடிப்பது. காலை என்னை நோக்கி வெறுமனே இழுத்தால் அவர் ஒற்றைக் காலில் குதிப்பார். குதிகாலை இழுக்கும் அதே நொடியில் பிடரியில் இருக்கும் கை தன் வேலையை மாற்ற வேண்டும். அதுவரை கீழே இழுத்த கை இப்போது தலையையும் தோளையும் அந்தக் காலைத் தாண்டிப் பின்புறமாகத் தள்ளுகிறது. நானும் முட்டியிலிருந்து எழுந்து முன்னோக்கி நடக்கிறேன். குதிகால் முன்னால், தலை பின்னால். உட்காருவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

இதில் எது விட்டுப்போனாலும் மேலே சொன்ன மலிவுக் கணக்கு உடைந்துவிடும். குறிப்பாக, பிடரிக் கை நழுவிய பிறகும் காலைத் துரத்திக்கொண்டு நீட்டிக் குனிவது. அப்போது நீங்கள் போடுவது ஆங்கிள் பிக்கே கிடையாது, தலைக்குப் பாதுகாப்பில்லாத ஒரு நோஞ்சான் சிங்கிள் லெக். எதிராளி உங்கள் தலையை அமுக்கினால் டபுள் லெக் தவறிய அதே குழியில் விழுவீர்கள். நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி எளிமையானது: பிடரிக் கை போனால் காலையும் விட்டுவிட்டு எழுந்துவிட வேண்டும்.

இங்கே லோ சிங்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் கணுக்காலைத்தான் குறிவைக்கிறது என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைப்பவர்கள் உண்டு. 1988 சியோல், 1992 பார்சிலோனா இரண்டிலும் தங்கம் வென்ற ஜான் ஸ்மித் அதைத் தன் கையெழுத்தாகவே மாற்றினார். ஆனால் அதில் தலையைப் பிடிப்பதில்லை, முழு உடலும் எதிராளியின் கெண்டைக்கால் மட்டத்துக்குப் பாய்ந்து இறங்குகிறது. தவறினால் டபுள் லெக்கைப் போலவே அடியில் மாட்டிக்கொள்வோம். ஆங்கிள் பிக்குக்கு யாரையாவது பார்த்துக் கற்க வேண்டுமென்றால் கேல் சாண்டர்சனைப் பார்ப்பேன். 1999 முதல் 2002 வரை அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் 159 போட்டிகளில் 159 வெற்றி, நான்கு தேசியப் பட்டங்கள், 2004 ஏதென்ஸில் 84 கிலோ பிரிவில் தங்கம். அவருடைய ஆட்டங்களில் கவனிக்க வேண்டியது கால் வாருவதைவிட, அதற்கு முன்னால் எதிராளியின் தலையை விடாமல் இழுத்தும் தள்ளியும் நடக்கவைக்கும் வேலை. காலை எடுப்பது அந்த வேலையின் கடைசித் துண்டு மட்டும்தான்.

ஆங்கிள் பிக் பின்தங்கும் இடங்களும் உண்டு. ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் சாதாரண டேக்டவுனுக்கு (நிற்பவரைக் கீழே வீழ்த்துவதற்கு) 2 புள்ளி, நின்ற நிலையிலிருந்து நேராக முதுகு மேட்டைப் பார்க்கும்படி வீழ்த்தினால் 4. ஆங்கிள் பிக்கில் எதிராளி பெரும்பாலும் உட்காரத்தான் செய்வார், மல்லாந்து விழுவது குறைவு. ஓங்கிப் போட்ட டபுள் லெக்குக்கு அந்த 4 கிடைக்க வாய்ப்பு அதிகம். கடைசி சில நொடிகளில் 3 புள்ளி பின்தங்கியிருந்தால் நான்கூட ஆங்கிள் பிக்கை நம்பிப் போகமாட்டேன்.

ஜியு-ஜிட்சுவில் வேறு சிக்கல். உட்கார்ந்த எதிராளி அங்கேயே கார்டு போட்டு, அதாவது கால்களை நமக்கு நடுவே தடுப்பாக வைத்து, ஆட ஆரம்பிப்பார். முக்கியமான போட்டி விதிகளில் டேக்டவுனுக்கு 2 புள்ளி கிடைக்க, வீழ்த்திய பிறகு மூன்று நொடி கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும். அதனால் குதிகாலைக் கையிலிருந்து உடனே விடாமல், அதைத் தூக்கியபடி பக்கவாட்டில் நகர்ந்து கார்டைத் தாண்டுவதையும் சேர்த்தே பழக வேண்டும். டபுள் லெக்கில் விழும்போதே அவர் கால்களைப் பாதி தாண்டியிருப்போம் என்பது அதன் சாதகம். ஆனால் கீ என்னும் தடித்த சீருடையை அணிந்து ஆடும்போது பலன் மறுபடி ஆங்கிள் பிக் பக்கம் வந்துவிடுகிறது. பிடரிக்குப் பதில் காலரைப் பிடித்தால் வியர்வையில் நழுவாது, இழுப்பும் நீளமாகக் கிடைக்கும். இடுப்பைப் பின்னால் வைத்து, ஒரு காலை முன்னால் நீட்டி நிற்பவர்களை கீயில் அதிகம் பார்க்கலாம். அந்த முன்னங்கால் வாருவதற்கென்றே வைத்த கால்.

ஜூடோவில் ஆடுபவர்களுக்கு இந்த அலசல் பயன்படாது. குதிகாலை வாரும் கிபிசு கயேஷி அவர்களுடைய பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் சர்வதேசப் போட்டிகளில் காலை நேரடியாகப் பிடித்துத் தாக்குவது 2010-இல் தடைசெய்யப்பட்டு, 2013-இல் அந்தத் தடை முழுமையானது. கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தில் இடுப்புக்குக் கீழே கை வைக்கவே கூடாது.

என் அனுபவம் மெலிந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். என்னைவிட மிகக் கனமானவர்களோடு இதை அதிகம் போட்டதில்லை. போட்ட அளவில், அவர்கள் கழுத்தை நகர்த்துவதே பெரிய வேலையாக இருந்தது, அங்கே சிங்கிள் லெக் எளிதாகத் தோன்றியது. இரண்டு கால்களையும் சமமாக அகட்டி, தலையை நிமிர்த்தி நிற்கிற ஆட்களிடமும் பொறுமை தேவைப்படுகிறது. குத்தும் உதையும் அனுமதிக்கும் ஆட்டத்தில் நான் இதைச் சோதித்ததே இல்லை. குதிகாலுக்காக இறங்கும்போது முகத்துக்கு நேராக முட்டி வரும் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே இதைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

முதல் எட்டில் இயல்பான வேகம் உள்ளவர், அதுவும் மல்யுத்தம் மட்டும் ஆடுபவர், டபுள் லெக்கையே முதலாவதாக வைத்துக்கொள்ளட்டும், நான் தடுக்கமாட்டேன். ஆனால் இரண்டாவதாக ஆங்கிள் பிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். டபுள் லெக்குக்குப் பயந்த எதிராளி, பாய்வது போல நீங்கள் உடலைத் தாழ்த்தியதுமே தலையைக் குனிந்து, பாரத்தை முன்னங்காலில் போட்டுத் தடுக்கத் தயாராவார். பிடரியில் கை வைத்து நாம் பாடுபட்டு உண்டாக்கும் அதே நிலை அது.