விழுந்தால் யார் தவறு? மூன்று பைக் பந்தய வீடியோ விளையாட்டுகள்

கடினமாக இருந்தாலே யதார்த்தமான விளையாட்டு என்று பலர் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. நிஜ வண்டியில் பின்சக்கரம் நழுவத் தொடங்கினால் அதை முதலில் உணர்வது இடுப்பு. கண்ணுக்குத் தெரிவது பிறகுதான். நாற்காலியில் கண்ட்ரோலருடன் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தகவல் வந்து சேராது. அதனால் இயற்பியலை மட்டும் அப்படியே நகலெடுத்த விளையாட்டு, நிஜத்தைவிடக் கடினமாகிவிடுகிறது.

பிபோசோ என்ற சிறிய இத்தாலியத் தயாரிப்பாளரின் ஜிபி பைக்ஸ் கணினிக்கான விளையாட்டு. அதில் நிலைமை இதுதான். முன் பிரேக், பின் பிரேக், கிளட்ச், வீரரின் உடல் சாய்வு என ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளலாம். முதல் மாலையில் ஒரு சுற்றை விழாமல் முடித்தால் நீங்கள் கெட்டிக்காரர். இங்கே கைபிடித்துச் சொல்லித்தர யாருமில்லை. ரசிகர்கள் உருவாக்கித் தரும் வண்டிகளும் தடங்களும்தான் இதற்கு உயிர். நேர்மையில் இதற்கே முதலிடம் தருவேன். ஆனால் அலுவலகம் முடிந்து களைத்து வருபவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மோட்டோஜிபி என்ற உலக பைக் பந்தயத் தொடரை வைத்து மிலனின் மைல்ஸ்டோன் நிறுவனம் தயாரிக்கும் மோட்டோஜிபி விளையாட்டு வரிசை வேறு வழியில் போகிறது. உதவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரலாம். 2025 பதிப்பில் ஆர்கேட் (எளிதானது), புரோ (யதார்த்தமானது) என இரு பாதைகளாகவே பிரித்துவிட்டார்கள். இதில் உண்மையான பரீட்சை வேகமல்ல, பிரேக். 2023இல் இத்தாலியின் முஜெல்லோ தடத்தில் மோட்டோஜிபி வீரர் பிராட் பைண்டர் தொட்ட உச்ச வேகம் மணிக்கு 366.1 கிலோமீட்டர். அப்படிப் பாயும் வண்டியை வளைவுக்குள் கொண்டுபோவது பெரும்பாலும் முன் டயரின் வேலை. அந்த டயரின் பிடி மாதச் சம்பளம் போன்றது: பிரேக்குக்கு அதிகம் செலவழித்தால் சாய்வதற்கு மிஞ்சாது. சாயச் சாய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். இரு பிரேக்குகளையும் ஒன்றாக இயக்கும் உதவியை அணைத்த பிறகுதான் இந்தக் கணக்கு விரலுக்குப் புரியும். விழுந்தாலும் ஏன் விழுந்தோம் என்பது பெரும்பாலும் தெரிகிறது. கற்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எதிராளிகளின் திறனை எண்ணால் கூட்டிக் குறைக்கும் வசதியும் உண்டு. அதைக் கூட்டினால் பந்தயம் கடினமாகும். வண்டி ஒரு இம்மிகூட யதார்த்தமாகாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

டிடி ஐல் ஆஃப் மேன் விளையாட்டுகளின் கடினம் முற்றிலும் வேறு இனம். மேன் தீவின் பொதுச் சாலைகளை மூடி நடத்தும் பந்தயம் அது; ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கும் மேல், வளைவுகள் இருநூறுக்கும் மேல். பீட்டர் ஹிக்மன் என்ற வீரர் 2023இல் ஒரு சுற்றை 17 நிமிடத்துக்குள், மணிக்குச் சராசரி 136.358 மைல் வேகத்தில் முடித்தார். தடம் விலகினால் ஏந்திக்கொள்ளச் சரளை மணல் கிடையாது. கல் சுவரும் வீட்டு வாசலும்தான். இரண்டாம் பாகத்தில் வண்டி நடந்துகொள்ளும் விதம் பற்றி விவாதிக்கலாம். ஆனால் பயத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த விளையாட்டை நான் ஆடியதில்லை. தடத்தில் வரும் பலாஃப் (Ballaugh) பாலத்தில் இரு சக்கரமும் தரையைவிட்டு எழும்போது மூச்சு தானாக நிற்கிறது. இங்கே வெல்வது விரலல்ல, மனப்பாடம்.

புதிதாகத் தொடங்குபவர் மோட்டோஜிபி விளையாட்டில் மோட்டோ3 என்ற சிறிய பிரிவின் வண்டியை எடுங்கள். 250 சிசி, ஒற்றை சிலிண்டர். ஆக்சிலரேட்டரைத் திருகியதும் தூக்கியெறியாது. மற்ற உதவிகள் இருக்கட்டும், இரு பிரேக்கையும் இணைக்கும் உதவியை மட்டும் முதல் நாளே அணைத்துவிடுங்கள்.