தன்யின்கோன் சந்தைக்குப் போகும் ஜப்பான் பெட்டி

ரங்கூன் வட்ட ரயிலில் டிக்கெட் 200 சாட்டாக (பர்மா நாணயம்) இருந்த காலத்திலிருந்து தன்யின்கோன் காய்கறிச் சந்தைக்குப் போய்வருகிறேன். என் சாப்பாட்டுக் கடைக்கு முருங்கைக்காயும் வாழைப்பூவும் அங்கேதான் மலிவு. எத்தனையோ வகைப் பெட்டியில் ஏறியாயிற்று. எனக்குப் பிடித்தது, பக்கத்துக்கு மூன்று கதவும் சன்னலோரம் நீள பெஞ்சும் வைத்த ஜப்பான் பெட்டிதான். நடுவில் தாராளமாக இடம் கிடக்கும். கூடைக்காரிகளுக்கென்றே செய்தாற்போல.

குறை ஒன்று உண்டு, ஏறும் உயரம். லுங்கியை இழுத்துச் செருகிக்கொண்டுதான் கால் வைக்க வேண்டும். ஒருநாள் கத்தரிக்காய் மூட்டை அவிழ்ந்து நடைமேடை முழுக்க உருண்டது. அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது, முடிச்சு நான் போட்டது.

ஒரு பெஞ்சுக்கு மேலே தடி ஊன்றிய கிழவர், வயிற்றுப்பிள்ளைக்காரி படம் போட்டு ஜப்பான் எழுத்து ஒட்டியிருந்தது. அக்கா மகன் அங்கே முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போக மொழி படிக்கிறான். "சித்தி, இது உங்க சீட்டு" என்று படித்துச் சிரித்தான். பெட்டியின் பூர்வீகத்தைத் தேடிச் சொன்னதும் அவன்தான். வகையின் பெயர் கிஹா 38. 'கி' என்றால் டீசல் வண்டி, 'ஹா' என்றால் சாதாரண வகுப்பு. 1986, 87இல் செய்தது ஏழே பெட்டி. 2012 வரை சிபா மாகாணத்துக் குருரி பாதையில் ஓடி, பிறகு ஐந்து இங்கே வந்தன. அங்கே தண்டவாள இடைவெளி 1067 மில்லிமீட்டர், இங்கே ஒரு மீட்டர். அதனால் சக்கரங்களை நெருக்கி வைத்திருக்கிறார்கள்.

குருரியும் நம்ம ஊர் மாதிரிச் சின்ன ஸ்டேஷன்தானாம். அந்த ரயில் பாதை 1912இல் 762 மில்லிமீட்டர் குட்டிப் பாதையாகத் தொடங்கி, 1930இல் அகலமானது. ஊருக்குப் புகழ் தண்ணீரால். கஸுஸா முறை என்று மூங்கில் பட்டையைக் கட்டி ஆழத் துளைத்த கிணறுகள். மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வரும். வெளியூர்க்காரர்கள் கேன் கொண்டுவந்து பிடித்துப் போவார்களாம். மூங்கிலுக்கு நம்மிடம் பஞ்சமா? எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

குருரிக்கு அப்பால் கமேயமா வரை இன்னும் 9.6 கிலோமீட்டர். போர்க்காலத்தில், 1944இல், அவசியமில்லாத பாதை என்று அதை நிறுத்தி, 1947இல்தான் மறுபடி ஓடவிட்டார்கள். 1942, 43இல்தான் அதே ஜப்பான், தாய்லாந்திலிருந்து இங்கே தன்பியூசயாட்டுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தமிழர்களைக் கொண்டுவந்து சாகடித்தது. இதை அவன் சொன்னபோது கொஞ்ச நேரம் நான் பேசவில்லை. அந்த 9.6 கிலோமீட்டரையும் இப்போது மூடிவிட்டுப் பஸ் விடப்போகிறார்களாம், ஏற ஆளில்லை என்று.

இங்கே நிற்கத்தான் இடமில்லை. இந்தப் பெட்டி வந்தால் யோசிக்காமல் ஏறுங்கள். நடுக்கதவுப் பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டு வையுங்கள், என் கூடை வரும்.