ரோபோ கிட்டுக்கு உலோகப் பூச்சு அடிக்கக் கொடுக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள்

ஒன்பது வாரம் இழுத்தடித்துக் கொடுத்த ரோபோவைப் பெட்டியிலிருந்து தூக்கினேன். வலது கணுக்கால் சோளத்தட்டை முறிவதுபோல இரண்டாக முறிந்து கையோடு வந்தது. வண்ணம் அடித்தவர் அசரவில்லை. "பிளாஸ்டிக் என்றால் உடையத்தான் செய்யும், தம்பி" என்றார்.

ஜப்பானின் பண்டாய் நிறுவனத்து மாஸ்டர் கிரேடு கிட் அது, பாகங்களைக் கோத்து நாமே செய்யும் பிளாஸ்டிக் ரோபோ, 1/100 அளவு. 1995 முதல் வருகிற வரிசை. நிற்க வைத்தால் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. பசையே தேவையில்லை, பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டமான ரன்னரிலிருந்து வெட்டி அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பெங்களூருவில் வாங்கி வந்து, இரண்டு வாரம் ராத்தூக்கம் கெட்டுக் கோத்தது. வெள்ளியும் சிவப்பும் உலோகமாக மின்ன வேண்டுமென்று ஆசை. வண்ணம் பீய்ச்சி அடிக்க வீட்டில் கம்ப்ரசர் இல்லை. கார், பைக்குக்கு வண்ணம் அடிக்கும் பட்டறைக்காரர் ஒருவர் "இதுவும் செய்வேன்" என்று கைப்பேசியில் படங்கள் காட்டினார். கண்ணாடிபோல மின்னின. ஒரு படத்தின் ஓரத்தில் ஜப்பானிய எழுத்தில் விலைச்சீட்டு தெரிந்தது. பார்த்தேன், கேட்காமல் விட்டேன். 4,500 ரூபாயையும் முன்பணமாகவே எண்ணிக் கொடுத்தேன்.

உலோகப் பூச்சு என்றால் வெள்ளி நிற டப்பாவைத் திறந்து அடிப்பதல்ல. கிட்டைப் பிரித்து, சோப்பு நீரில் கழுவி, வண்ணம் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் போட்டு, அதன்மேல் பளபளக்கும் கறுப்பை வழவழவென்று ஏற்ற வேண்டும். அந்தக் கறுப்பின் மேல் மெல்லிசாக வெள்ளி விழுந்தால்தான் குரோம்போலத் தெரியும். உலோகச் சிவப்புக்கு, வெள்ளியின் மேல் ஒளி ஊடுருவும் சிவப்பு.

இவர் ஒன்றையும் பிரிக்கவில்லை. கோத்தது கோத்தபடியே நிற்க வைத்து, காருக்கு அடிக்கும் பிரைமரை நாற்றமடிக்கும் தின்னரில் கரைத்து மொத்தையாக அடித்திருக்கிறார். அழுத்திப் பூட்டிய இடங்களில் பிளாஸ்டிக் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும். தின்னர் அங்கே கசிந்து இறங்கினால் முடிபோல விரிசல் ஓடும். மூட்டுகளில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்காக இருந்தால் இன்னும் மோசம். என் ரோபோவுக்குக் கணுக்கால் போனது. முழங்கை வண்ணத்தில் ஒட்டிக்கொண்டு மடங்கவே இல்லை. மார்புக் கவசத்தில் வண்ணத்துக்கு அடியில் ஒரு பிரஷ் மயிர். இதற்கெல்லாம் மகுடமாக, மேலே பளபளப்பை மழுக்கும் நிறமற்ற பூச்சு, மேட் கிளியர். மினுமினுப்பு மொத்தமும் செத்து, சாம்பல் போட்டுத் தேய்த்த அலுமினியக் குண்டான் நிறத்தில் நின்றது.

"ஃபெவிக்விக் ஒரு சொட்டு வையுங்கள், தம்பி" என்று யோசனை வேறு. அந்தப் பசையின் ஆவி பட்டால் சுற்றியுள்ள பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும் என்று சொன்னேன். சிரித்தார். நான்கு நடை நடந்ததில் திரும்பி வந்தது 500 ரூபாய்.

யாரிடம் கொடுத்தாலும் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனைக் கொடுத்து, அதில் வெள்ளி அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கோத்த கிட்டைக் கொடுக்காதீர்கள். பிரித்து, பாகங்களை எண்ணி, படம் எடுத்துக் கொடுங்கள். நான் எண்ணாமல் கொடுத்தேன். இடது தோள் கவசம் திரும்பி வரவில்லை. கேட்டால், "வரும்போதே இல்லை, தம்பி" என்கிறார்.