அப்பாவுக்கு வீட்டோடு ஆள் வைத்த அனுபவம்: ஏஜென்சியும் நேரடி ஆளும்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர். வலது கை, வலது கால் விளங்கவில்லை. பேச்சு குழறும், நினைவு தெளிவு. வீடு கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். மூட்டுவலியோடு இருக்கும் அம்மாவால் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க முடியாது. அதனால் ஆள் வைத்தே ஆக வேண்டிய நிலை.

முதல் எட்டு மாதம் பெங்களூரு ஏஜென்சி ஒன்றின் மூலம். ஓசூர் என்றால் உடனே ஆள் அனுப்புகிறார்கள். கிருஷ்ணகிரியைத் தாண்டினால் 'பார்த்துச் சொல்றோம்' என்கிறார்கள். கடைசியில் 24 மணி நேர ஆள் கிடைத்தார், மாதம் 26,000 ரூபாய். அதற்கு முன்பே திருப்பித் தராத பதிவுக் கட்டணம், ஒரு மாத முன்பணம். சாப்பாடு, தங்குமிடம், பஸ் செலவு நம் பொறுப்பு.

24 மணி நேர ஆள் என்றால் ராத்திரி முழுக்க விழித்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். அவரும் தூங்க வேண்டும், கூப்பிட்டால் எழுவார், அவ்வளவுதான். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தால், 12 மணி நேர ஷிப்டில் இரண்டு பேர் வேண்டும். செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. ஏர் பெட் போட்டாலும் புரட்டுவதை விட முடியாது. இன்னொன்று, வெள்ளைக் கோட்டு போட்டு வருகிறவர்கள் எல்லாரும் நர்ஸ் இல்லை. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது ஒரு வேலை. மூக்கு வழி டியூப், சிறுநீர் டியூப் மாற்றுவது, ஊசி போடுவது வேறு வேலை. அதற்கு ஏ.என்.எம். அல்லது ஜி.என்.எம். நர்சிங் படிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

ஏஜென்சிக்குக் கூடுதலாகக் கொடுப்பது எதற்கு? ஆள் லீவு போட்டால் மாற்று ஆள் வரும் என்பதற்காகத்தான். எங்களுக்கு உதவாமல் போனதும் அதுதான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. மாற்று ஆள் வர ஒரு வாரத்துக்கு மேலானது. ஆள் இல்லாத நாட்களுக்குப் பணம் கழிக்கச் சொன்னேன். அடுத்த பில்லில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பில்லிலும் முழுத்தொகைதான். நாங்கள் கட்டிய 26,000-த்தில் தன் கைக்கு வருவது 15,000 என்று புதிதாக வந்தவர் அம்மாவிடம் சொன்னபோது, இனி இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். அவரையே நேரடியாக வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு வருஷத்துக்கு அப்படிச் செய்யக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது.

இப்போது இருப்பவர் பென்னாகரம் பக்கத்து அக்கா. பிசியோதெரபிஸ்ட் சொல்லி வந்தவர். 18,000 ரூபாய், அவருடைய வங்கிக் கணக்குக்கே. மாதம் இரண்டு நாள் லீவு, தீபாவளிக்குப் புடவையும் ஒரு மாதச் சம்பளமும். ஆதார் நகல் வாங்கிக்கொண்டோம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் வீட்டு வேலையாட்களுக்கான சரிபார்ப்புக்கும் விண்ணப்பித்தோம். அவர் லீவு நாட்களுக்கு எங்கள் தெரு அம்மா ஒருவர், நாளுக்கு 700. முன்கூட்டியே வந்து அக்கா செய்வதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

அக்காவிடம் எனக்குப் பிடித்தது சாப்பாட்டு விஷயம். அப்பாவுக்குக் களி இல்லாமல் ஆகாது. களியை உருட்டி அப்படியே விழுங்குவது நம் ஊர்ப் பழக்கம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு அது தொண்டையை அடைத்துவிடும். டாக்டரும் கூடாது என்றார். இவர் கெட்டியான கூழாகக் காய்ச்சி, அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து ஸ்பூனில் ஊட்டுகிறார். ஏஜென்சி ஆள் ஓட்ஸோடு போராடிய நாட்களை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

பணம் எடுப்பது தனிக்கதை. பென்ஷன் அப்பா கணக்கில், கையெழுத்துப் போடும் கை விழுந்துவிட்டது. வங்கிக் கிளையில் முதலில் முடியாது என்றார்கள். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் வங்கி அதிகாரி, முன்னிலையில் கைநாட்டு வைத்தால் போதும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை எழுதிக் கொடுத்துக் கேட்டதும் வழி பிறந்தது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரச் சொல்லி 2017-லேயே வங்கிகளுக்கு உத்தரவும் இருக்கிறது. பென்ஷனுக்கான உயிர்வாழ்ச் சான்றைத் தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை எடுத்து முடித்துக் கொடுத்தார், 70 ரூபாய்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நம் மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்ததால் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர்களுடைய பிசியோ எப்போதாவதுதான் வருவார், ஆனால் செய்ய வேண்டிய பயிற்சியைப் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். தனியார் பிசியோ ஒரு தடவைக்கு 400. எங்கள் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும். வீட்டு ஆள் சம்பளத்தில் ஒரு பைசா கிடைக்காது.

டயப்பர், மருந்து, பிசியோ எல்லாம் சேர்த்து இப்போது மாதம் 30,000 பக்கம் வருகிறது. ஓசூரிலேயே இருப்பவர்களுக்கு ஏஜென்சி ஒத்துவரலாம், மாற்று ஆள் கிடைப்பது எளிது. உள்ளே ஊர்ப்பக்கம் என்றால் தெரிந்தவர் மூலம் தேடுவதையே சொல்வேன்.

வைகாசியில் அக்கா மகளுக்குக் கல்யாணம். ஒரு மாதம் வர மாட்டார். அதற்கு மட்டும் மறுபடி ஒரு ஏஜென்சியிடம் கேட்டிருக்கிறேன், இந்தத் தடவை வாரக் கணக்கில், ஆள் வந்த நாளுக்கு மட்டும் பணம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான்.